கத்தாத வான்கோழியும் சூசையண்ணையும்

1

என் மகள் அனிற்றாவின் காதில் இரண்டு வருடமாக வான்கோழி கத்துகிறது. நோய் ஒன்றுமில்லை, படிப்பு. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு அமெரிக்கக் காடுகளில் திரியும் காட்டு வான்கோழியை ஆராய்கிறாள். அங்கே மரங்களில் கட்டிவிட்ட ஒலிப்பதிவுப் பெட்டிகள் விடியற்காலைச் சத்தங்களையெல்லாம் சேமித்து வைக்கின்றன. அதில் வான்கோழி எது என்று கணினி பிரித்துக் காட்டும். கணினி பிடித்தது உண்மையில் வான்கோழிதானா, தூரத்து நாயா, லொறியா என்பதை ஒரு மனிதக் காது சரிபார்க்க வேண்டும். பெற்று வளர்த்துக் காது குத்தித் தோடு போட்டு அனுப்பினேன், அந்தக் காது இதற்குத்தான் உதவுகிறது.

ஊரிலிருந்து ரெலிபோன் எடுப்பவர்கள் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் விலங்கியல் என்று சொல்லிச் சமாளிப்பேன். ஒருமுறை வாய்தவறி வான்கோழி என்று சொல்லிவிட்டேன். மன்னாரில் இருக்கும் என் மச்சாள், "கோழி வளக்கவோ லண்டனுக்குப் போனனீங்கள்?" என்று கேட்டார். பக்கத்தில் யாரோ சிரிப்பதும் கேட்டது.

அனிற்றா பேசுவது ஆங்கிலம். அம்மா, மாமா, ஐயோ ஆகிய மூன்றும்தான் தமிழ். அவள் சொன்னதை இங்கே தமிழில் எழுதுவது நான். அவள் சொல்லாத மரியாதை எங்காவது தென்பட்டால் அதுவும் என் வேலைதான்.

குருத்து ஞாயிறு வரப்போகிறது. போன குருத்து ஞாயிறன்றுதான் என் அண்ணை விழுந்தார். அவரை இனித் தனியே இருக்க விடலாமா, விடுவதென்றால் யார் பார்ப்பது என்று இந்த ஒரு வருடமும் உள்ளூர்க் கவுன்சிலோடு இழுபட்டதைத்தான் எழுத உட்கார்ந்தேன். வான்கோழி ஏன் முதலில் வந்தது என்று கேட்பீர்கள். அது இல்லாமல் இதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2

சூசையண்ணை எனக்கு ஒரே அண்ணன். எழுபதைத் தாண்டிவிட்டார். நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே உள்ள சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். கலியாணம் செய்யவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். முடிவு வந்தபோது பெண் கொடுக்கிறவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நான் இருப்பது கிங்ஸ்பரியில். லண்டனின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ரயில் மாறி மாறிப் போக வேண்டும். பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி.

வயதானவர் தனியே இருக்கிறார் என்று கவுன்சில் அவருக்குக் கழுத்தில் தொங்கும் ஒரு பொத்தானைக் கொடுத்திருந்தது. விழுந்தால் அதை அழுத்த வேண்டும். சுவரோரம் இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு குரல் பேசும். உதவி வேண்டும் என்றால் ஆள் வரும். பதிலே வராவிட்டாலும் ஆள் வரும். அண்ணை அதைச் செபமாலையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

அன்று பூசை முடிந்து, மந்திரித்த குருத்தோலையில் ஒன்றை அவருக்கென்று எடுத்துக்கொண்டு போனேன். என்னிடம் சாவி இருந்தது. கதவைத் திறந்தால் குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறார். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. நான் கத்தப் போக, "சத்தம் போடாதை தங்கச்சி. கீழ்க் கடைக்காரர் பயந்துபோவினம்," என்றார்.

அம்புலன்சுக்கு அடித்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"பொத்தானை அமத்தினீங்களோ?"

"ஓம், அமத்தினனான்."

"அப்ப அவை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"ஒரு பிள்ளை கேட்டது. ஆர் யூ ஓகே எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஃபைன், தேங்க்யூ எண்டனான்." கொஞ்சம் யோசித்தார். "சொறி எண்டு மன்னிப்பும் கேட்டனான்."

"இடுப்பு முறிஞ்சு கிடந்துகொண்டோ அண்ணை?"

"அந்தப் பிள்ளை எவ்வளவு மரியாதையாக் கேட்டது! அதிட்டை என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வாயைத் திறக்காமல் கிடந்திருந்தால்கூட ஆள் வந்திருக்கும். கதவைத் தட்டியிருப்பார்கள், உடைத்திருப்பார்கள். நல்ல ஆங்கிலத்தில் நன்றி சொல்லி, வந்த உதவியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குளிர்த் தரையில் கிடந்திருக்கிறார்.

3

ஆஸ்பத்திரியில் ஒரு நாளில் எத்தனை பேர் சுகம் கேட்கிறார்கள் என்பதை ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். தாதி, வைத்தியர், சாப்பாடு கொண்டு வருபவர், நிலம் துடைப்பவர் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் அண்ணையிடம் ஒரே பதில்தான் இருந்தது. வலி பத்தில் எத்தனை என்று கேட்டால் விரலைக் காட்டுவார். இரண்டு. சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளும் இரண்டு. தாதி அதைப் பதிந்துவிட்டு, குறைந்த மருந்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு அண்ணை போர்வையைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

அவரை எல்லோரும் மிஸ்டர் மனுவேல் என்று கூப்பிட்டார்கள். மனுவேல் எங்கள் அப்பா. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி, இந்த நாட்டில் அண்ணை தன் அப்பாவாகவே வாழ்ந்துவிட்டார். அப்பா செத்து வருடக்கணக்காகிறது, அவரும் இங்கே ஃபைன்தான்.

ஒரு பின்னேரம் அனிற்றா வந்தாள். மாமாவும் மருமகளும் சேர்ந்தால் பேச்சு அதிகம் ஓடாது. அவளுக்குத் தமிழ் வராது, அவருக்கு அவளுடைய வேக ஆங்கிலம் பிடிபடாது. அவள் தன் காதுக்குழலைக் கழற்றி அவர் காதில் வைத்து வான்கோழியைப் போட்டுக் காட்டினாள். அண்ணை கண்ணை விரித்தார். பிறகு சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

"இது ஏன் இப்பிடிக் கத்துது எண்டு கேள்," என்றார் என்னிடம்.

அவள் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். வசந்த காலத்தில் சேவல் விடியுமுன் மரத்தில் இருந்தபடி கத்தும். அந்தச் சத்தத்துக்குப் பேடுகள் வரும். வேட்டைக்காரர்களும் அதே காலத்தில்தான் வருவார்கள். மரத்தடியில் ஒளிந்திருந்து பேடு மாதிரிக் குரல் கொடுப்பார்கள். சேவல் பதில் கொடுத்துக்கொண்டு கிட்ட வரும், சுடுவார்கள். வேட்டை தொடங்கிச் சில நாள் போனால் காட்டில் கத்தல் குறைந்துவிடும். கூப்பிட்டால் பதில் வராது. சில சேவல்கள் சத்தமே காட்டாமல் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சில, ஆள் நுழைய முடியாத பற்றைக்குள் போய்விடும்.

அண்ணை கேட்டுக்கொண்டே இருந்தார். "கத்தாட்டில் பேடு என்னெண்டு அறியும்?" என்றார்.

நான் அதை ஆங்கிலத்தில் கேட்டேன். அனிற்றா மாமாவைப் பார்த்து, "அதுதான் பிரச்சினை," என்றாள். அண்ணை காதுக்குழலைக் கவனமாகக் கழற்றித் துடைத்து அவளிடம் கொடுத்தார்.

4

அவள் ஆராய்வது வேறொரு கேள்வி. அதை அன்று ரயிலில் திரும்பி வரும்போதுதான் எனக்குச் சொன்னாள். கத்துவது குறைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் குறைகிறது? மிஞ்சியவை பயந்து வாயை மூடப் பழகியவையா? அல்லது கத்தியவையெல்லாம் சுடுபட்டுப் போய், முதலிலிருந்தே குறைவாகக் கத்தியவை மட்டும் மிஞ்சியிருக்கின்றனவா? பெட்டியில் கேட்கும் அமைதி இரண்டுக்கும் ஒன்றுதான். அமைதியைக் கேட்டு எது காரணம் என்று சொல்ல முடியவில்லை என்றாள். எனக்கு அந்த ரயில் பெட்டியில் பிலிப்பு மாஸ்டர் ஞாபகம் வந்துவிட்டார்.

ஊரில் போர் நடந்து, இடம்பெயர்ந்து ஒரு கோயில் வளவில் இருந்த காலம். ஒருநாள் சீருடை போட்ட ஒருவர் வந்தார். யாருடைய சீருடை என்று எழுதவில்லை, எங்கள் பக்கத்தில் எல்லா நிறச் சீருடையும் வந்துபோயின. வந்தவர் அதட்டவில்லை. கதிரை போட்டு உட்கார்ந்து எல்லோரையும் வரிசையில் வரச் சொன்னார். என்ன குறை, என்ன பிரச்சினை, பயப்படாமல் சொல்லுங்கள் என்று அவ்வளவு பண்பாகக் கேட்டார். எழுதிக்கொள்ளப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். பிலிப்பு மாஸ்டர் படிப்பித்தவர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். இரண்டு பெடியன்களைக் காணவில்லை, கடலுக்குப் போக விடுகிறார்கள் இல்லை என்று ஒழுங்காகச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். அடுத்து நின்றது அண்ணை. பிரச்சினை ஒன்றும் இல்லை, நன்றி என்றார்.

பிலிப்பு மாஸ்டர் அடுத்த கிழமை வீட்டில் இல்லை. பிறகு எந்த வீட்டிலும் இல்லை.

அந்த வளவில் இருந்து லண்டன் வந்து சேர்ந்தவர்கள் கனபேர். கோயிலில், கடையில், செத்த வீட்டில் காண்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்றால், இருக்கிறம் என்பார்கள். நாங்கள் வாயை மூடப் பழகியவர்களா, சொன்னவர்கள் போக மிஞ்சியவர்களா என்று அனிற்றாவின் பெட்டியைப்போல எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தன் ஆய்வில் போட்டுவிடுவாளோ என்றும் ஒரு பயம்.

5

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் கவுன்சில் உதவிக்கு ஆள் அனுப்பியது. அந்தக் காலம் முடிந்ததும், தொடர்ந்து உதவி வேண்டுமா என்று பார்க்க ஹெலன் என்ற சோஷல் வேர்க்கர் வந்தார். நல்ல மனுஷி. அவர் வருவதாகக் கடிதம் வந்த அன்றே அண்ணை முகம் வழித்துச் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டார்.

ரெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் பிடித்துத் தந்தார்கள். அவர் தமிழ்நாட்டுத் தம்பி. "சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன சிரமம்?" என்று அன்பாகக் கேட்டார். அண்ணை, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி," என்றார். எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். தம்பி அதை, அவருக்கு வாழ்க்கையில் எந்தக் கவலையும் இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஹெலன் மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டார். பிறகு அண்ணை சுவரைப் பிடித்தபடி எழும்பிப் போய், அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போகும்வரை நின்றுகொண்டே இருந்தார். கதவு சாத்தியதும் கதிரையில் விழுந்து வியர்வையைத் துடைத்தார்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்று பிறகு என்னிடம் சொன்னார். "ஆரின்ரை ஆளோ, ஆருக்குத் தெரியும்?"

பதில் கடிதத்தில், திரு. மனுவேல் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறார், உதவி தேவையில்லை என்று இருந்தது.

அனிற்றா அதை வாசித்துவிட்டு என்மேல் பாய்ந்தாள். அவள் ஹவுன்ஸ்லோவில் சிநேகிதிகளோடு வீடு எடுத்து இருக்கிறாள். கோயிலுக்கு வருவதில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் வருவாள். "அம்மா, மாமா பொய் சொன்னபோது நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள்?"

"அவர் சொல்லும்போது நான் குறுக்கே பேசலாமா?"

"நீங்கள் தலையாட்டினீர்கள். எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தலையாட்டுவீர்கள். பள்ளிக்கூடத்தில் என்னை அடித்தார்கள் என்று சொன்னபோதும், ரீச்சரிடம் போய்ச் சிரித்து நன்றி சொல்லிவிட்டு வந்தீர்கள்."

அது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சோற்றைப் போட்டேன். அவள் சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டு வந்து, குரல் இறங்கி, அவளே சொன்னாள். பதில் கொடுக்காத சேவலைப் பிடிக்கப் பழைய வேட்டைக்காரர்கள் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார்களாம். காய்ந்த சருகைக் கையால் மெல்லக் கிளறுவார்களாம், நாலு பேடுகள் கவலையில்லாமல் இரை கிளறுகிற மாதிரி. சேவல் தானாகக் கிட்ட வருமாம்.

"வந்தால்?" என்றேன்.

"வந்தால் சுடுவார்கள் அம்மா. வேட்டைதானே."

6

குளிர்காலத்தில் அண்ணை இன்னும் இருமுறை விழுந்தார். ஒருமுறை நான் கண்டேன். மறுமுறை கையில் கன்றியிருந்த நீலத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அடுத்ததில் தலை அடிபட்டால் என்ன செய்வது என்று வேலையிடத்தில் யார் ரெலிபோன் அடித்தாலும் முதல் மணியிலேயே எடுத்தேன். என் வீட்டுக்கு வாருங்கள் என்றால் வரமாட்டார். உதவிக்கு ஒரு ஆள் வந்துபோனால் தன் வீட்டிலேயே இருந்துவிடுவார். அதற்கு அவர் வாயைத் திறக்க வேண்டும்.

அனிற்றா ஹெலனுக்கு எழுதினாள். மாமாவிடம் கேள்வி கேட்டால் ஃபைன் என்பார், அதனால் கேட்க வேண்டாம், வந்து சும்மா இருங்கள், அம்மா பேசுவார் என்று. ஹெலன் யோசித்துவிட்டுச் சரியென்றார். போன கிழமை வந்தார்.

நான் முதலே போய், கீழ்க் கடையில் முருங்கையிலைக் கட்டு வாங்கி மேசையில் பரப்பிவிட்டேன். ஹெலனும் அனிற்றாவும் யன்னலோரம் இருந்தார்கள். இவ சும்மா பார்க்க வந்தவ, உங்களோடு கதைக்க வேண்டியதில்லை என்று அண்ணையிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல எழும்பித் தேத்தண்ணி போடப் போக, அனிற்றா போட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் இலை ஆய்ந்தேன். அதை ஒருவர் ஆய்வதைப் பார்த்துக்கொண்டு எங்கள் ஆட்கள் கை கட்டி இருக்கமாட்டார்கள்.

"காம்பெல்லாம் கிடக்கு. வடிவா ஆய்," என்று ஒரு கொத்தை இழுத்துக்கொண்டார்.

மீன் விலை கதைத்தோம். மச்சாளின் முழங்காலைக் கதைத்தோம். கோயிலில் புதிதாக வந்த சுவாமியாரின் பிரசங்கம் நீளம் என்று அண்ணை சிரித்தார். ஹெலன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கனநேரம் போன பிறகு, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்ப குளிக்கிறேல்லை, தங்கச்சி," என்றார்.

"ஏன் அண்ணை?"

"தொட்டிக்குள்ள காலைத் தூக்கி வைக்க ஏலாது. துவாயை நனைச்சுத் துடைக்கிறனான்."

நான் தலையை நிமிர்த்தாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். என் அண்ணன் குளிப்பதில்லை என்று இன்னொருத்தியிடம் சொல்ல நாக்குக் கூசியது. எங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பார். ஹெலன் சத்தமில்லாமல் எழுதினார்.

"கட்டிலில படுக்கிறதும் இல்லை. படுத்தால் எழும்ப ஏலாது. கதிரையிலதான் கிடக்கிறன்."

அதையும் சொன்னேன்.

"நீ சமைச்சு வைச்சிட்டுப் போறதை அடுப்பில சூடாக்கிறேல்லை. சட்டியைத் தூக்கப் பயமாக் கிடக்கு."

அதையும் சொன்னேன். பல வருடமாக இந்த மனிதரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டிருக்கிறேன், எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. கண்ணீர் இலையில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணை நிமிர்ந்தார். ஹெலனின் பேனையைக் கண்டார். கை அப்படியே நின்றது. முகம் மாறியது. அந்த முகத்தை நான் கோயில் வளவு வரிசையில் பார்த்திருக்கிறேன்.

"இவ எழுதுறதை ஆரிட்டைக் குடுப்பா?" என்று கேட்டார்.

நான் ஹெலனிடம் கேட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டு, ஒன்றையும் ஒளிக்காமல் பதில் சொன்னார். தன் மேலதிகாரி பார்ப்பார். குடும்ப வைத்தியருக்குப் போகும். உதவிக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்குப் போகும். கவுன்சிலின் பதிவில் இருக்கும். அவர் விரும்பினால் ஒரு பிரதி அவருக்கும் தருவோம். சொல்லிவிட்டு, இதையெல்லாம் அவருக்குச் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அண்ணை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் இந்தக் கதவு இனித் திறக்காது என்று எனக்குத் தெரியும்.

"ஒருத்தரிட்டையும் குடுக்கமாட்டாவாம் அண்ணை," என்றேன். "தனக்கு ஞாபகத்துக்காம்."

யன்னலோரம் அனிற்றா சட்டென்று என்னைப் பார்த்தாள். பேசத்தான் வராது, அந்த அளவு தமிழ் அவளுக்கு விளங்கும்.

அண்ணை நம்பினார். கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து உட்கார்ந்துகொண்டு, "அப்ப எழுதச் சொல்லு," என்று மிச்சத்தையும் சொல்லத் தொடங்கினார்.